பூக்காரம்மாவின் அடக்க விலை

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் வியாபாரிக்குத் தன் சரக்கின் அடக்க விலை எப்போதும் தெரிந்திருக்கும். 'ஒருவர் ஒரு மேசையை 1200 ரூபாய்க்கு வாங்கி 1500 ரூபாய்க்கு விற்கிறார்' என்று கணக்கு தொடங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மேசை எங்கிருந்து வந்தது, வண்டி வாடகை யார் கொடுத்தது, எத்தனை மாதம் கடையில் கிடந்தது, வாங்கிய பணம் கைப்பணமா கடன் பணமா என்பதெல்லாம் அந்த 1200க்கு வெளியே நிற்கின்றன. பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும். இலாபம் 300 ரூபாய், இலாப சதவீதம் 25.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் ஆறாம் வகுப்பில் விலைப்பட்டியலோடு சேர்ந்து வருகிறது. எட்டாம் வகுப்பில் தள்ளுபடியும் சரக்கு சேவை வரியும் சேர்ந்துகொள்கின்றன. பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் அதுவே செலவுச் சார்பு, வருவாய்ச் சார்பு, இலாபச் சார்பு என்று வளர்ந்து வகைநுண்கணிதத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கருவிகள் கூர்மையாகிக்கொண்டே போகின்றன. செலவு மட்டும் கடைசிவரை 'கொடுக்கப்பட்டதாகவே' இருக்கிறது. இலாபக் கணக்கில் ஆகக் கடினமான பகுதி, எதைச் செலவுப் பக்கம் எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது. அந்த முடிவைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிப் புத்தகமே எடுத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இதனால் என்ன ஆகிறது? எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. 'அதிகம்' என்று இருந்தால் கூட்டு, 'மீதி' என்று இருந்தால் கழி, 'ஒவ்வொருவருக்கும்' என்று இருந்தால் வகு. 1970களின் கடைசியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணித ஆசிரியப் பயிற்சியோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 76 பிள்ளைகள் கொடுத்த எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாத்தியார் கேட்டால் விடை இருக்கும், கணக்கில் உள்ள எண் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த ஒழுங்கை அவர்கள் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

சந்தையில் நிற்கும் பிள்ளை வேறு மாதிரி. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி நூனெஸ் காராஹர், டேவிட் காராஹர், ஷ்லீமன் என்ற மூவர் 1985இல் எழுதிய ஆய்வு கல்வி உலகில் பெயர்பெற்றது. இளநீர்க்காய் விற்ற பன்னிரண்டு வயதுப் பையனிடம் ஆய்வாளர் காய் ஒன்று என்ன விலை என்று கேட்கிறார். 35 குருசெய்ரோ. பத்துக் காய் வேண்டும், எவ்வளவு? பையன் கொஞ்சம் யோசித்து, மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்குச் சேர்த்து 210, இன்னும் நான்கு வேண்டுமே என்று நிறுத்தி, 315, அப்புறம் 350 என்று முடிக்கிறான். பத்தால் பெருக்கப் பூச்சியம் போடும் வித்தை அவனுக்கு அங்கே தேவைப்படவில்லை. மூன்று காயாகக் கேட்கிறவர்கள் தினம் வருகிறார்கள், அந்த 105 அவன் நாக்கில் இருக்கிறது. சந்தையில் கேட்ட கணக்குகளில் இந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே அளவுக் கணக்குகளை வாக்கியக் கணக்காகத் தாளில் கொடுத்தபோது அது 74க்கு இறங்கியது. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37க்கு. கொல்கத்தா, தில்லி சந்தைப் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்து 2025இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அதில் இன்னொரு பக்கமும் வெளிப்பட்டது. தாளில் நன்றாகக் கணக்குப் போடும் பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கொடுக்கல் வாங்கலில் தடுமாறினார்கள். இரண்டு அறிவுக்கும் நடுவே ஓடும் ஆற்றுக்குப் பாலம் இல்லை.

அதற்காகப் புத்தகக் கணக்குகளைத் தூக்கியெறியச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. நல்ல வாக்கியக் கணக்கு ஒன்று மனசை உலுக்கிவிடும். இதைப் பாருங்கள். ஒருவர் இரண்டு புடவைகளைத் தலா 99 ரூபாய்க்கு விற்றார். ஒன்றில் 10 சதவீதம் இலாபம், இன்னொன்றில் 10 சதவீதம் நட்டம். மொத்தத்தில் என்ன? பத்தும் பத்தும் சரிக்குச் சரி என்றுதான் எல்லோரும் சொல்வோம். போட்டுப் பார்த்தால் முதல் புடவையின் அடக்கம் 90, இரண்டாவதன் அடக்கம் 110. மொத்தம் 200 போட்டு 198 எடுத்திருக்கிறார். 2 ரூபாய் நட்டம். பத்து சதவீதம் என்றால் எதில் பத்து என்று கேட்காமல் விட்டால் ஏமாந்துபோவோம் என்பதை இதைவிட நறுக்காகச் சொல்ல முடியாது.

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் மாறாமல் வரும் இன்னொரு கணக்கு, எடையில் கைவைக்கும் வியாபாரியைப் பற்றியது. வாங்கின விலைக்கே தருகிறேன் என்று சொல்லி, கிலோவுக்கு 900 கிராம்தான் போடுகிறார். அவருடைய இலாப சதவீதம் என்ன? 900 கிராமுக்கு முதல் போட்டு 1000 கிராமுக்குக் காசு வாங்குகிறார், ஆகவே பதினொன்றும் ஒன்பதில் ஒன்றும். புத்தகம் அதோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. வாங்கிப்போனவருக்கு எத்தனை சதவீதம் நட்டம் என்று கேட்டால் விடை 10. கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்குக்குச் சரக்கு வரவில்லை. காணாமல்போன 100 கிராம் ஒன்றுதான். அதை அவர் முதலோடு ஒப்பிட்டால் 11 சொச்சம், இவர் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் 10. யார் பக்கத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிற ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிடுகிறார் என்று நம்புகிறேன்.

அந்தக் கதவு நெடுங்காலமாகச் சாத்தித்தான் கிடக்கிறது. பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் ஒரு கூட்டு வியாபாரக் கணக்கு உண்டு. மூன்று பேர் 51, 68, 85 என்று முதல் போட்டு வியாபாரம் செய்ய, எல்லாம் சேர்ந்து 300 ஆகிறது. ஆளுக்கு எவ்வளவு? முதலின் விகிதப்படி 75, 100, 125. அழகாக விழும் விடை. அந்த மூவரில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் யார் என்று கணக்கு கேட்கவில்லை. நம் ஊரில் கூட்டுக் கடை வைக்கிறவர்கள் இதைக் கேட்காமல் கடையே திறப்பதில்லை. முதல் போட்டவருக்கு இத்தனை பங்கு, கடையில் உட்காருகிறவருக்கு இத்தனை பங்கு என்று முதல் நாளே பேசி முடித்துவிடுகிறார்கள். உழைப்புக்கு ஒரு எண் வேண்டும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கணக்குப் புத்தகங்களுக்குத் தெரியவில்லை.

மதுரையில் கோயில் பக்கமோ பேருந்து நிலையம் பக்கமோ மாலையில் மல்லிகை விற்கும் அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விலையோ பனிக்காலத்திலும் முகூர்த்த நாளிலும் ஒரே வாரத்தில் பல மடங்கு ஏறி இறங்கும். நம் கணக்குக்கு ஒரு சாதாரண நாளாக வைத்துக்கொள்வோம். விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ 600 ரூபாய் என்று 2 கிலோ மொட்டு எடுக்கிறார். 1200 ரூபாய். நாருக்கும் போக்குவரத்துக்கும் 60 ரூபாய். வீட்டில் அவரும் மகளும் உட்கார்ந்து கட்டினால் 60 முழம் தேறுகிறது. ஆக முழத்துக்கு அடக்கம் 21 ரூபாய். விற்பது 30 ரூபாய்க்கு. இதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளை உடன்வரும்.

மணி எட்டரை ஆகும்போது 45 முழம் போயிருக்கிறது. வந்த காசு 1350. இன்னும் 15 முழம் கூடையில். மொட்டு விரிந்துவிட்டது. அவர் 'பதினஞ்சுக்கு எடுத்துக்கங்கம்மா' என்று இறக்குகிறார். 21 ரூபாய் அடங்கியதை 15க்கு விற்றால் முழத்துக்கு 6 ரூபாய் நட்டம் என்று பாடப்புத்தகப் பிள்ளை சொல்லும். அந்த அம்மா அப்படி நினைப்பதில்லை. மார்க்கெட்டில் கொடுத்த பணம் காலையிலேயே போய்விட்டது, விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. விடிந்தால் இந்தப் பூ குப்பை. ஆகவே அந்த நேரத்தில் வரும் ஒவ்வொரு 15 ரூபாயும் முழுசாக வரவு. பத்து முழம் போகிறது, 150 ரூபாய். ஐந்து முழம் நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் என்று படிக்கிறோமே, அதை அவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று செய்துமுடித்துவிட்டார். அதைவிட நுட்பமான ஒன்றும் செய்கிறார். தினமும் எட்டரைக்கு விலையை இறக்கமாட்டார். இறக்கினால் வாடிக்கையாய் வாங்குகிறவர்கள் எட்டரை மணிக்கென்றே வர ஆரம்பித்துவிடுவார்கள், ஆறு மணி விலை செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைய வரவு 1500. செலவு 1260. இலாபம் 240. புத்தகப்படி இதுவே விடை.

ஆனால் அவருக்குத் தண்டல் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர்; 1500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தெருவோர வியாபாரிகளில் பலரின் முதல் இப்படித்தான் வருகிறது. நூறு நாளைக்கு 1500 என்றால் நாளைக்கு 15 ரூபாய் வட்டி. 240இல் அதைக் கழித்தால் 225. இந்த 15 ரூபாய் பார்வைக்குச் சின்னதாக இருப்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, நூற்றுக்குப் பதினைந்து என்றுதான் பேச்சு. வாங்கியது 8500 ஆகையால் அது அங்கேயே 17 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த 8500உம் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை, தினம் தினம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் நூறு நாளும் அவர் கையாள்வது ஏறத்தாழ 4250 ரூபாய். அதற்கு வட்டி 1500. நூறு நாளைக்கு 35 சதவீதம், வருஷத்துக்கு 125 சதவீதத்துக்கு மேல். சதவீதம் எதன்மீது என்ற புடவைக் கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறோம். அங்கே 2 ரூபாய் நட்டம், இங்கே ஒரு குடும்பத்தின் வருஷம்.

ராத்திரி அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் காசு 225உம் அல்ல. 1500இல் நாளைக் காலைச் சரக்குக்கு 1260ஐ முடிந்துவைத்துவிட்டு, தண்டல்காரருக்கு 100 கொடுத்துவிட்டால், அரிசிக்கும் பருப்புக்கும் 140 ரூபாய். 'என்னக்கா நிக்குது?' என்று கேட்டால் 'நிக்கிறதுக்கு என்ன தம்பி, ஓடுது' என்று பதில் வருவது இந்த 140ஐ மனதில் வைத்துத்தான்.

இனி இதுவரை யாரும் எழுதாத வரியை எழுதுவோம். மார்க்கெட் போய்வர ஒரு மணி நேரம். தாயும் மகளும் மூன்று மணி நேரம் பூக்கட்டினால் ஆறு மணி நேர உழைப்பு. தெருவில் நின்று விற்றது ஐந்து மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். 2025-26இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதை எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. அந்தக் கூலியைத் தாய்க்கும் மகளுக்கும் எழுதினால் 504 ரூபாய். 225இலிருந்து 504ஐக் கழித்தால் அன்றைக்கு 279 ரூபாய் நட்டம்.

240 இலாபம், 225 இலாபம், 140 கைக்காசு, 279 நட்டம். ஒரே நாள், ஒரே கூடை, ஒரே பூ. நான்கு விடைகளிலும் கழித்தல் பிழை கிடையாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை. கடன் கொடுத்தவருக்கு ஒரு எண் போதும், சமையலறைக்கு இன்னொன்று வேண்டும். மகளைப் பூக்கட்ட உட்காரவைப்பதா, படிக்க உட்காரவைப்பதா என்று யோசிக்கும் தாய்க்குக் கடைசி எண் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காத இலாபப் பாடம் எனக்கு அரைப்பாடமாகவே தெரிகிறது.

இதைச் சின்ன வியாபாரத்தின் சின்னப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. நாட்டின் நெல் விலையே இந்தக் கேள்வியின்மேல்தான் நிற்கிறது. 2025-26 காரீஃப் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய். மத்திய அரசு அறிவித்த உற்பத்திச் செலவு 1579 ரூபாய். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் இலாப சதவீதம் 50 என்று உடனே சொல்லும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையமும், உற்பத்திச் செலவுக்குமேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. ஐம்பது கேட்டார்கள், ஐம்பது கிடைத்திருக்கிறது. பிறகு ஏன் விவசாயிகள் தெருவில் நிற்கிறார்கள்?

வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் செலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், மருந்து, டீசல், கூலியாள், குத்தகை என்று விவசாயி கையைவிட்டுக் கொடுத்தது மட்டும் ஏ2. அதோடு வீட்டு ஆட்கள் வயலில் இறங்கிச் செய்த வேலைக்கு ஒரு கூலி மதிப்பிட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தை வேறொருவருக்குக் குத்தகை விட்டிருந்தால் வந்திருக்கும் வருமானத்தையும், போட்ட மூலதனத்துக்கு வட்டியையும் சேர்த்தால் சி2. அறிவிக்கப்பட்ட 1579 இரண்டாவது வகை. விவசாயிகள் கேட்பது மூன்றாவது வகையின்மேல் 50. ஒரு பேச்சுக்கு, நில வாடகையும் வட்டியுமாகக் குவிண்டாலுக்கு 400 ரூபாய் கூடுகிறது என்று வைத்தால் அடக்கம் 1979 ஆகும். அதே 2369க்கு விற்றால் இலாபம் 390, சதவீதம் கிட்டத்தட்ட 20. விற்ற விலையில் ஒரு ரூபாயும் குறையவில்லை, 50 மட்டும் 20 ஆகிவிட்டது. ஆண்டுக்கணக்காக நடக்கும் ஒரு போராட்டத்தின் சாரம், ஆறாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைக்குக் கேட்கக் கொடுத்துவைக்காத அந்த ஒரு கேள்வி.

அந்த 1579 அகில இந்திய சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. அந்த 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்த்துச் சாதாரண ரகத்துக்கு 2500 தந்தது. அதை வாங்க டெல்டா விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும், மழை வந்தால் தார்ப்பாய் தேட வேண்டும், ராத்திரி காவலுக்குப் படுக்க வேண்டும். காயவைக்கும் கூலியும் காவல் இருந்த ராத்திரிகளும் எந்தச் சராசரிக்குள் போய் உட்காரும்?

நம் பழைய கணக்கு நூல்களில் ஒன்றான காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள் பொருளாகப் பிரித்துக் கணக்குச் சொல்லும். பிள்ளை முதலில் பொருளுக்குள் போய், அதற்கு அப்புறம்தான் எண்ணுக்கு வர வேண்டும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் யார் உட்கார முடிந்தது, யார் முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். பொருளிலிருந்து எண்ணுக்கு வரும் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும்போது ஒரே ஒரு கணக்கை அடக்க விலை இல்லாமல் கொடுங்கள். இஸ்திரி வண்டியோ, தையல் கடையோ, டீக்கடையோ, இட்லிக் கடையோ, பிள்ளைகள் தங்கள் தெருவில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். 'எவ்வளவு இலாபம்' என்று கேட்கவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அதற்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. என்னென்ன செலவு என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள். கரி விலை, நூல் விலை, பால் விலை, சிலிண்டர், வாடகை, வட்டி எல்லாம் வரும். ஒரே கடைக்கு மூன்று பிள்ளைகள் போனால் மூன்று அடக்க விலை வரும். மூன்றையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, யார் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று அவர்களே வாதாடட்டும். இரண்டு பாடவேளைக்கு மேல் ஆகாது. அந்த வகுப்பிலேயே பூக்கட்டிவிட்டு வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே செலவுப் பட்டியலின் அடியில், வீட்டு ஆட்களின் நேரத்துக்கு ஒரு வரி விட்டுவைக்கச் சொல்லுங்கள்.